ஓர்க்கிட்டும் கதிர்வீச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஓர்க்கிட் இழைய வளர்ப்புப் போத்தல்கள் (செடியின் சிறு துண்டையோ விதையையோ உள்ளே வைத்து வளர்ப்பவை) அடுக்கியிருக்கின்றன. உயர்தர மாணவர்கள், இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுபவர்கள், முற்றத்தில் பூக்கன்று வளர்த்து விற்கும் அக்காமார் எனப் பலரும் வந்துபோகிறார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒன்றுதான்: "கதிர்வீச்சு கொடுத்தால் புது நிறத்தில் பூ வருமாமே?" ஒவ்வொருவருக்கும் தேநீர் ஊற்றி முதலிலிருந்து சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன்.

ஓர்க்கிட்டுக்கு ஏன் கதிர்வீச்சு கொடுக்கிறார்கள்?

இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, செடி எந்த அளவு கதிரைத் தாங்கும், எங்கே முறியும் என்று அறிவது. மற்றது, பரம்பரையலகுகளில் மாற்றம் (விகாரம்) உண்டாக்கி, அதில் நல்லது ஏதேனும் அகப்படுகிறதா என்று தேடுவது. இந்த இரண்டாவது வேலைக்கு விகார இனவிருத்தி என்று பெயர். எக்ஸ் கதிர் விகாரத்தை உண்டாக்கும் என்பதைப் பழ ஈக்களில் 1927 இல் ஹேர்மன் முல்லர் காட்டினார். அடுத்த ஆண்டே லூயிஸ் ஸ்டட்லர் பார்லியிலும் சோளத்திலும் அதைக் காட்டினார். இன்றைக்கு நெல், கோதுமை தொடங்கி அலங்காரப் பூக்கள் வரை 3,000க்கும் மேற்பட்ட வர்க்கங்கள் விகார முறையில் வந்தவையாகப் பதிவாகியிருக்கின்றன.

ஓர்க்கிட்டில் தேடுவது நிறம், இதழின் வடிவம், வெட்டிய பூ வாடாமல் நிற்கும் நாட்கள், குட்டையான செடி போன்றவற்றை. மலேசியாவில் டென்ட்ரோபியம் சோனியா என்ற ஊதாப்பூக் கலப்பினத்தைக் காமாக் கதிரில் வைத்து இப்படித் தேடியிருக்கிறார்கள். நம் கடைகளில் மாலைக்கும் மணவறைக்கும் விற்கிற ஊதா ஓர்க்கிட்டும் பெரும்பாலும் இதுவோ இதன் உறவோதான்.

கதிர் செடிக்குள் போய் என்ன செய்கிறது?

கலத்தின் பெரும்பகுதி நீர். காமாக் கதிர் அந்த நீரை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் மிகுந்த வெறியோடு அருகில் இருப்பதையெல்லாம் தாக்கும். அவற்றிடம் அகப்படும் மூலக்கூறுகளில் டி.என்.ஏயும் ஒன்று. சில இடங்களில் கதிரே நேராக டி.என்.ஏயை வெட்டிவிடும். ஒற்றை இழை அறுந்தால் கலம் எதிர் இழையைப் பார்த்துத் தைத்துக்கொள்ளும். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் சிக்கல்: அவசரத்தில் ஒட்டும்போது சில எழுத்துகள் தொலைந்துபோகும், சில வேளை ஒரு நிறமூர்த்தத்தின் (டி.என்.ஏ சுருண்டிருக்கும் கட்டின்) துண்டு வேறொன்றோடு போய் ஒட்டிக்கொள்ளும். விகாரம் பிறப்பது இந்தப் பிழையான தையலில்தான்.

கலப்பின ஓர்க்கிட்டுகளில் ஒரு வசதி உண்டு. ஊதா நிறம் தரும் பரம்பரையலகு இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டுமே வேலை செய்துகொண்டிருந்தால், அந்த ஒன்றைக் கதிர் கெடுத்தாலே போதும், நிறம் போய்விடும். அடுத்த தலைமுறைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதனால்தான் ஊதாப் பூவில் வெள்ளைத் திட்டு வருவது, இல்லாத நீலம் புதிதாக வருவதைவிடப் பல மடங்கு எளிது. கதிர் பெரும்பாலும் இருப்பதைக் கெடுக்கும்; இல்லாததைப் படைக்காது. நீல ஓர்க்கிட் கனவோடு வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முகம் வாடினாலும்.

எந்தக் கதிரைப் பயன்படுத்துவது?

வழக்கம் காமாக் கதிர்தான். கோபாற்று-60 அல்லது சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளிலிருந்து வரும். போத்தலைத் திறக்காமலே கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் என்பதால் இழைய வளர்ப்புக்கு இதுவே தோது. எக்ஸ் கதிரும் அப்படித்தான். அயன் கற்றை சிறிய இடத்தில் அடர்த்தியாக அடிக்கும், ஆனால் அதற்குத் துகள் முடுக்கி வேண்டும். புறஊதாக் கதிர் மேல்தோலைத் தாண்டி அதிகம் போகாது, கண்ணாடியும் தடுத்துவிடும்.

கைபேசிக் கோபுரம்? அது டி.என்.ஏயை அறுக்கும் வலு உள்ள கதிர் அல்ல. இந்தக் கேள்வியை இத்துடன் விட்டுவிடுவோம்.

விதைக்கா, கன்றுக்கா, பூத்து நிற்கும் செடிக்கா?

ஓர்க்கிட் விதையை முதலில் கையில் எடுத்துப் பாருங்கள். முற்றிய காயைக் கீறினால் மஞ்சள் தூள் கொட்டும். முகப் பவுடர் போல, மூச்சு விட்டாலே பறந்துவிடும். ஒரு காயில் இலட்சக்கணக்கில் இருக்கலாம். அந்த விதைக்குள் சேமித்த உணவு இல்லையென்றே சொல்லலாம். காட்டில் ஒரு பூஞ்சணம் வந்து ஊட்டினால்தான் முளைக்கும். பூஞ்சணம் இல்லாமல் சீனி கலந்த ஏகாரில் (கடற்பாசிக் கூழில்) முளைக்க வைக்கலாம் என்று 1922 இல் லூயிஸ் நட்சன் காட்டினார். இன்று எல்லோரும் செய்வது அதன் வழிவந்த முறையைத்தான்.

விதை முளைத்ததும் இலையோ வேரோ வராது. கடுகளவு பச்சை உருண்டை ஒன்று வரும். அதற்குப் புரோட்டோகோம் என்று பெயர். முளைநுனியை வளர்த்தாலும் இதே போன்ற உருண்டைகள் கிடைக்கும். ஒன்றை நறுக்கினால் பலவாகும். ஆய்வுக்கு இந்த உருண்டைகளே சிறந்தவை. ஒரே தாயின் பிரதிகள் என்பதால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஒரு போத்தலில் பல கொள்ளும், கலங்கள் விறுவிறுவென்று பிரிந்துகொண்டிருப்பதால் கதிருக்கு உடனே பதில் சொல்லும். விதையிலிருந்து தொடங்கினால் ஒவ்வொன்றும் தனித்தனிக் குணம்; மாற்றம் கதிரால் வந்ததா, பிறவியிலேயே இருந்ததா என்று பிரிக்க முடியாது. பூத்து நிற்கும் செடியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், அது அழகாகவே இருக்கட்டும்.

எவ்வளவு கதிர் கொடுப்பது?

அளவின் அலகு கிரே. ஒரு கிலோகிராம் பொருள் ஒரு யூல் சக்தியை உறிஞ்சினால் அது ஒரு கிரே. மனித உடல் முழுவதும் ஒரே தடவையில் நான்கைந்து கிரே பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் பாதிப்பேர் பிழைக்க மாட்டார்கள். நன்கு உலர்ந்த தானிய விதை நூற்றுக்கணக்கான கிரேயைத் தாங்கும். நீர் நிறைந்த ஓர்க்கிட் உருண்டைகள் இரண்டுக்கும் நடுவே, சில பத்துக் கிரேயில் சாயத் தொடங்கும்.

பாதி இறந்து பாதி பிழைக்கும் அளவுக்கு எல்டி 50 என்று பெயர். இது இனத்துக்கு இனம், ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் மாறும். யாரோ எழுதிய எண்ணை எடுத்துக்கொள்ளாமல் உங்கள் செடிக்கு நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். 0, 10, 20, 30, 40, 60, 80 கிரே என்று வரிசையாகக் கொடுத்து, பிழைத்தவற்றை எண்ணி, ஒரு வளைகோடு வரையுங்கள். நல்ல விகாரம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பாதி சாகும் அளவையோ அதற்குச் சற்றுக் குறைவையோ தேர்ந்தெடுப்பார்கள். அதற்கு மேலே போனால் பிழைப்பவையும் நொண்டியாகிவிடும்.

சில ஆய்வுகளில் மிகச் சிறிய அளவு கதிர் வளர்ச்சியைத் தூண்டியதாகக் காண்பார்கள். நீங்கள் அப்படிக் கண்டால் மகிழ்வதற்கு முன் போத்தல்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு போத்தலில் இருபது உருண்டைகள் இருந்தால் அது இருபது சான்று அல்ல, ஒரே சான்று. அவை ஒரே சோற்றை உண்டு ஒரே காற்றை மூச்சுவிட்டவை. ஒவ்வோர் அளவுக்கும் குறைந்தது ஐந்தாறு போத்தல் வையுங்கள்.

புல்மோட்டை மணலில் தோரியம் இருக்கிறதே, அதில் செடியை நட்டால் போதாதா?

நம் மாவட்டத்தில் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி, எனக்கும் பிடித்த கேள்வி. புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைற்று, உரூட்டைல், சிர்க்கோன் ஆகியவற்றோடு சிறிதளவு மொனசைற்றும் உண்டு. மொனசைற்றில் தோரியம் இருக்கிறது. கதிர் வருவது உண்மை.

கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். சாதாரண நிலத்தைவிடப் பத்து மடங்குக்கும் கூடுதலாக, மணிக்கு ஒரு மைக்ரோகிரே கிடைக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,760 மணி. அதாவது ஏறத்தாழ 0.009 கிரே. 20 கிரே சேர 2,200 ஆண்டுகளுக்கு மேலாகும். அத்தனை ஆண்டுக்கு முன் நட்டிருந்தால் இன்றைக்குப் போய்ப் பார்க்கலாம். அத்துடன், அவ்வளவு மெதுவாக வரும் கதிரின் காயத்தைச் செடி அன்றன்றே தைத்துக்கொள்ளும். அந்த உப்பு மணலில் ஓர்க்கிட் சாவது உறுதி, ஆனால் சாவுக்குக் காரணம் தோரியமாக இருக்காது.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயில் வைத்து எடுக்கலாமா?

ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் கிடைப்பது கிட்டத்தட்ட ஒரு கிரேயின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 20 கிரேக்கு இரண்டு இலட்சம் படம் எடுக்க வேண்டும். புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை தரும் இயந்திரத்தில் அளவு போதும், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 கிரே வீதம் நோயாளிகளுக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் வரிசையில் காத்திருக்கும் மனிதர்களை ஒதுக்கிவிட்டு என் பூச்செடியை அங்கே வைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கும் வரக் கூடாது.

அப்படியானால் எங்கே கொண்டுபோவது?

கொழும்புப் பக்கம்தான். பியகமவில் அணுசக்தி சபையின் பெரிய காமா நிலையம் இருக்கிறது. ஆனால் அது மருத்துவப் பொருட்களைக் கிருமி நீக்கும் வகை வேலைக்கானது. அந்த வேலைக்குரிய அளவு 25,000 கிரே போல. அதில் உருண்டைகளை வைத்தால் விகாரத்துக்குப் பதில் அவியல்தான் கிடைக்கும். உங்களுக்குத் தேவை, நிமிடக் கணக்கில் அளந்து கொடுக்கக்கூடிய சிறிய ஆராய்ச்சிக் காமா அறை. மாணவராக இருந்தால் மேற்பார்வையாளரின் கடிதத்தோடு முறையாக விண்ணப்பியுங்கள். தனியாளாகப் போனால் நடக்காது, நடக்கவும் கூடாது.

திருகோணமலையிலிருந்து கொண்டுபோய்க் கொண்டுவருவதில் சிக்கல் இல்லையா?

இருக்கிறது. முழுக் கதையையும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

முதல் தடவை நாற்பது போத்தல்களை றெஜிபோம் பெட்டியில் அடுக்கி, இரவு பஸ்ஸில் கொண்டுபோனேன். கதிர் கொடுக்காத ஒப்பீட்டுப் போத்தல்கள் பத்தையும் "இவற்றுக்குத்தான் கதிர் இல்லையே, ஏன் சுமப்பான்" என்று வீட்டிலேயே குளிரூட்டிய அறையில் விட்டுவிட்டேன். மே மாதம். போகும்போது இரவு, பரவாயில்லை. திரும்பும்போது பகல் பஸ். ஹபரணை தாண்டியதும் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், மூடி வெதுவெதுப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து திறந்தால் ஏகார் தளர்ந்து ஒரு பக்கம் சரிந்து, உருண்டைகள் அதில் பாதி புதைந்து கிடந்தன. மூன்று வாரத்தில் பெரும்பாலானவை பழுப்பாகிவிட்டன. 5 கிரே கொடுத்தவையும் செத்தன, 60 கிரே கொடுத்தவையும் செத்தன. வீட்டில் இருந்த பத்துப் போத்தலும் பச்சைப் பசேல்.

ஒரு வாரம் நான் "இந்த இனம் 5 கிரேயைக்கூடத் தாங்காது போலிருக்கிறதே" என்று குறிப்பேட்டில் பெருமையாக எழுதி வைத்திருந்தேன். அப்போது உதவிக்கு வந்துகொண்டிருந்த மாணவி அதை வாசித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "சேர், 5க்கும் 60க்கும் ஒரே சாவு என்றால் கொன்றது கதிரா, பஸ்ஸா?" நான் பதில் சொல்லவில்லை. பேனாவை எடுத்து அந்த வரியை வெட்டினேன்.

அன்றிலிருந்து இரண்டு ஒப்பீடு வைக்கிறேன். ஒன்று வீட்டிலேயே இருக்கும். மற்றது எல்லாவற்றோடும் பயணம் போய், காமா அறையின் வாசலில் அதே நேரம் காத்திருந்து, கதிர் மட்டும் படாமல் அதே பெட்டியில் திரும்பி வரும். கதிர் பட்டவற்றை இந்த இரண்டாவதோடுதான் ஒப்பிட வேண்டும். போவது இரவு ரயிலில், வருவதும் இரவு ரயிலில். மார்கழி, தையில் போனால் இன்னும் நல்லது.

காமா அறையில் எவ்வளவு நேரம் வைப்பது? அதை எப்படிக் கணக்கிடுவது?

அங்குள்ளவர்களே கணக்கிடுவார்கள். ஆனாலும் நீங்கள் ஒருமுறை போட்டுப் பாருங்கள். கோபாற்று-60 இன் அரைவாழ்வு 5.27 ஆண்டுகள், ஆண்டுக்கு ஏறத்தாழ 12 சதவீதம் வலு குறையும். ஐந்து ஆண்டுக்கு முன் மணிக்கு 100 கிரே என்று அளந்த கருவி, இன்றைக்கு 52 கிரேதான் தரும். பழைய எண்ணை நம்பி 20 கிரேக்கு 12 நிமிடம் வைத்தால் உண்மையில் கிடைப்பது 10 கிரே சொச்சம். கட்டுரையில் 20 என்று எழுதுவீர்கள், அடுத்தவர் அதை நம்பிச் செய்து குழம்புவார். எனவே அளந்த திகதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அளவை மட்டுமல்ல, மணிக்கு எத்தனை கிரே என்ற வீதத்தையும் எழுதுங்கள். ஒரே 20 கிரேயை ஐந்து நிமிடத்தில் கொடுப்பதும் ஐந்து நாளில் கொடுப்பதும் செடிக்கு ஒன்றல்ல.

கதிர் பட்ட செடியை வீட்டில் வைத்தால் ஆபத்தா?

இல்லை. காமாக் கதிர் செடியைக் கதிரியக்கப் பொருளாக மாற்றாது. விளக்கை அணைத்த பிறகு சுவர் ஒளிர்வதில்லையே. பிள்ளைகள் தொடலாம், பூவைச் சாமிக்கும் வைக்கலாம்.

கொண்டுவந்த பிறகு எதைப் பார்ப்பது?

முதல் இரண்டு வாரம் எதுவும் தெரியாது. கதிர் பட்டுச் சாகப்போகிற உருண்டையும் பச்சையாகவே உட்கார்ந்திருக்கும். அதன் கலங்கள் உயிரோடு இருக்கும், பிரிய மட்டும் முடியாது. அதனால் பதினைந்தாம் நாளில் எண்ணி "எல்லாம் பிழைத்தன" என்று எழுதாதீர்கள். 30, 60, 90 ஆம் நாட்களில் எண்ணுங்கள். எடை எடுங்கள், புதிதாகப் பிறந்த உருண்டைகளை எண்ணுங்கள். தளிர் வரும்போது வெளிறிய கோடு, முறுக்கிய இலை, தடித்த குட்டை இலை எல்லாம் தோன்றும்.

ஆனால் ஒன்று: இழைய வளர்ப்பே சும்மா விகாரம் உண்டாக்கும். பல தடவை நறுக்கி நறுக்கி வளர்த்தால் கதிரே படாத போத்தலிலும் கோணல் இலை வரும். எனவே ஒப்பீட்டுப் போத்தலிலும் கோணல்களை அதே அக்கறையோடு எண்ண வேண்டும். கதிர் பட்டதில் மட்டும் தேடினால் கதிர் பட்டதில் மட்டும்தான் கிடைக்கும்.

வரியிலை வந்த கன்று பிறகு வெறும் பச்சையாகிவிட்டது. ஏன்?

உருண்டை ஒன்றில் ஆயிரக்கணக்கான கலங்கள் உண்டு. கதிர் ஒவ்வொன்றையும் வெவ்வேறு இடத்தில் அடிக்கும். எனவே வளரும் கன்று ஒட்டுத்துணி போல, ஒரு பகுதி விகாரம், மறுபகுதி பழையது. பழைய கலங்கள் வேகமாகப் பிரிந்து விகாரக் கலங்களை மூடிவிடும். அதனால்தான் கதிர் கொடுத்த பிறகு மூன்று நான்கு சுற்று நறுக்கி மறுபடி வளர்த்து, முழுக்க ஒரே வகைக் கலத்தால் ஆன கன்றைப் பிரித்தெடுக்கிறார்கள். மாற்றம் நிலைத்ததா என்று அதற்குப் பிறகுதான் சொல்ல முடியும்.

ஆறு மாத ஆய்வில் புதுப் பூவைக் காட்ட முடியுமா?

முடியாது. டென்ட்ரோபியம் போத்தலிலிருந்து பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் தாராளமாக ஆகும், வாண்டா என்ற ஓர்க்கிட் வகைக்கு இன்னும் கூடும். ஜப்பானில் நடுவே கோபாற்று-60 வைத்து, 100 மீற்றர் ஆரையுள்ள வட்ட வயலில் மரங்களை நட்டு ஆண்டுக்கணக்கில் கதிர் பாய்ச்சினார்கள். அங்கே 1962 இல் நட்ட பேரி மரம் ஒன்றில், கரும்புள்ளி நோயை எதிர்க்கும் ஒரேயொரு கிளையை 1981 இல்தான் கண்டார்கள். உங்கள் ஆறு மாதத்துக்கு எல்டி 50 வளைகோடும், எடையும், நிறமூர்த்தச் சேதமும் போதும். ஒழுங்காகச் செய்தால் அதுவே நல்ல ஆய்வு. தலைப்பில் மட்டும் "புதிய வர்க்கம்" என்று போடாதீர்கள்.

காட்டு ஓர்க்கிட்டை எடுத்துச் செய்யலாமா?

நம் வரண்ட வலயத்து மரங்களில் வாண்டா டெசலாட்டா இன்னும் தொங்குகிறது. கட்டம் போட்ட மங்கல் இதழ், ஊதா உதடு (முன்னால் நீட்டி நிற்கும் இதழ்), நல்ல மணம். அதைப் பிய்க்காதீர்கள். பல காட்டு ஓர்க்கிட்டுகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. எல்லைதாண்டிய வணிகத்தில் ஓர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. விற்பனைக் கலப்பினம் ஒன்றின் தளிரிலிருந்து தொடங்குங்கள்.

போத்தலிலிருந்து வெளியே எடுத்ததும் எல்லாம் வாடிவிடுகின்றன. கதிரின் விளைவா?

பெரும்பாலும் கச்சான் காற்றின் விளைவு. ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காய்ந்த காற்று, போத்தலுக்குள் நூறு சதவீத ஈரத்தில் வளர்ந்த கன்றை ஒரு பகலில் காகிதமாக்கிவிடும். மாரி தொடங்கிய பிறகு, ஐப்பசி கார்த்திகையில் எடுங்கள். வேரில் ஒட்டிய ஏகாரை நன்றாகக் கழுவி, கரித்துண்டும் ஊறவைத்த பொச்சும் கலந்து நட்டு, இரட்டை நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். கிணற்று நீர் உவரென்றால் மழை நீரைப் பிடித்து வையுங்கள்; கடலோரத்து வீடுகளில் கதிரைவிட உப்பு அதிகக் கன்றுகளைக் கொன்றிருக்கிறது.

சரி, உங்களிடம் இதுவரை புதுப் பூ ஏதும் வந்ததா?

இல்லை. 20 கிரேயிலிருந்து வந்த பதினொரு செடிகள் நிழல்வலைக்குள் நிற்கின்றன. ஏழு பூத்துவிட்டன, தாயைப் போலவே. ஒன்றின் உதடு சற்றுச் சுருங்கியிருந்தது. அடுத்த பூங்கொத்தில் அதுவும் நேராகிவிட்டது. மூன்று இன்னும் பூக்கவில்லை. மீதி ஒன்று முழங்கையளவுகூட உயரவில்லை, இலை தடித்து அடர்பச்சையாக இருக்கிறது. போன கிழமை அதன் நுனிக்கணுவில் அரிசியளவு ஒரு மொட்டு தெரிந்தது. வந்தால் நீங்களும் பார்க்கலாம், தொடாமல்.